சமுத்திரம் கட்டிய பண்டல்

பிறந்த நாலாம் மாதம், ஒரு வியாழக்கிழமை காலையில், வெள்ளத்தாய் முதன்முதலாகக் குப்புற விழுந்தாள். அவள் அம்மா முத்துப்பேச்சி கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். அப்பா சமுத்திரம் அதில் ஏழு தின்றுவிட்டு, பிள்ளை இனிக் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்துவிடுமே என்று கவலைப்பட ஆரம்பித்தான்.

அவனுக்கு ராஜபாளையத்து நூல் மில்லில் பண்டல் கட்டும் வேலை. பத்து ராத்தல் நூலை அழுத்திச் சுற்றி அவன் ஒரு முடிச்சுப் போட்டால், அது ரங்கூனில் போய்த்தான் அவிழும் என்பது அவனே சொல்லிக்கொள்வது. கவலை வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. மனைவியின் பழைய சேலையைக் கிழித்து, பிள்ளையின் கைகளை உடம்போடு சேர்த்துக் கழுத்துவரை சுற்றிக் கட்டினான். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் நாலு இலவம்பஞ்சுத் தலையணை வாங்கி வந்து, கட்டிலில் அவளைச் சுற்றிக் கோட்டை எழுப்பினான்.

முத்துப்பேச்சி சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். அவளுக்கு வேறு யோசனை. அதே மில்லில் நூல் சுற்றும் ரீலிங் பகுதியில் அவளுக்கு வேலை. பிரசவத்துக்கு நின்றவள் திங்கட்கிழமை வராவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தார். அவளுக்குக் காலை ஷிப்ட், அவனுக்குச் சாயங்கால ஷிப்ட். அவள் மில்லில் இருக்கும்போது பிள்ளை அவன் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் எடுத்துவந்தவள், குடத்தை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினாள். கட்டோடு புரண்ட வெள்ளத்தாய் ஒரு தலையணையில் முகம் புதைந்து கிடந்தாள். ஊன்றித் தலையைத் தூக்கக் கைகள் வேண்டுமே, அவை சேலைக்குள் இருந்தன. வாரி எடுத்ததும் சிவந்த முகத்தோடு ஒரு மூச்சு இழுத்துத் தெருவே கேட்க அழுதாள். அதன் பிறகுதான் முத்துப்பேச்சிக்கு மூச்சு வந்தது.

கொல்லையிலிருந்து ஓடிவந்த சமுத்திரம், கட்டு நெகிழ்ந்திருப்பதுதான் கோளாறு என்றான். இன்னும் இரண்டு சுற்று இறுக்கி, தலையணையை ஆறாக்கினால் பிள்ளை அசையவே அசையாது என்று விளக்கினான். முத்துப்பேச்சி மீதிச் சேலையைக் கையில் எடுத்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"செத்த நேரம் நீங்க கட்டில்ல படுங்க. நான் கட்டுதேன்."

தன் முடிச்சின் பெருமையைக் காட்ட இதுதான் சமயம் என்று அவனும் படுத்தான். பிள்ளையைப் பாயில் விட்டுவிட்டு, ரீலிங்கில் பழகிய கை வேகமாகச் சுற்றியது. தோளிலிருந்து முழங்கால்வரை கட்டி முடித்தபோது, மில்லில் கூட வேலை பார்க்கும் பால்ச்சாமி வாசலில் வந்து நின்றான்.

"என்ன மதினி, இந்தப் பண்டல் எந்த ஊருக்குப் போவுது?"

அவள் புருஷனை ஒரே தள்ளில் குப்புறப் புரட்டினாள். தலையணை அவன் முகத்தை மூக்கு வரை விழுங்கிக்கொண்டது. கால்கள் உதறின. உள்ளேயிருந்து ஏதோ ஒரு முனகல் வந்தது. பால்ச்சாமி சிரிப்பை நிறுத்திவிட்டு ஓரடி முன்னால் வந்தான். அதற்குள் அவளே புருஷனை மல்லாத்திவிட்டாள். சமுத்திரத்தின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"கைய அவுத்து விடுட்டி" என்றான். கை விடுபட்டதும், "எம்புட்டு நேரம்ட்டி பிள்ள அப்படிக் கெடந்துச்சு?" என்று கேட்டான்.

தெரியவில்லை என்றாள். அவன் எழுந்து கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தான். பால்ச்சாமியும் வந்த காரியத்தை மறந்து, கட்டிலைத் தூக்கிக் கொல்லையில் போடக் கைகொடுத்தான். தலையணைகள் பரணுக்குப் போயின. வெறும் தரையில் ஒரு பாய், அதன்மேல் இறுக்கி விரித்த ஒரே துணி. அதில் பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். உருண்டால் தரையில்தான் உருளவேண்டும், விழ இடமில்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிச் சங்கு ஊதியதும், பால் கொடுக்க முத்துப்பேச்சி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். வெள்ளத்தாய் இரண்டு கைகளையும் தலைக்குமேல் விரித்துப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். சமுத்திரம் பாயின் ஓரத்தில் சப்பணம் போட்டு, கண்ணெடுக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒம்பது தடவ பெரண்டா. தூக்கத்துல மட்டும் ரெண்டு. தலைய அவளே தூக்கிக்கிடுதா. இருந்தாலும் நான் மல்லாத்திப் போட்டுட்டேன்" என்றான் தாழ்ந்த குரலில்.

முத்துப்பேச்சி குனிந்து பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள்.

"அப்ப நாளைக்கும் வேலைக்குப் போறேன்."