நூற்று நாற்பது நட்சத்திரங்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். அது அபாண்டம். மனிதர்கள் மேல் எனக்குக் கோபமே வராது. வலைப்பக்கத்தின் குறியீட்டில் திறந்துவிட்டு மூடாத டேக்கைக் கண்டால்தான் வரும். வலைப்பூ எழுதுகிறவர்கள் தங்கள் பக்கத்தில் அட்டவணை போட்டுக்கொள்வதற்காக பிளகின் என்கிற குட்டி நிரல் ஒன்றைச் செய்து, ஒன்பது வருடமாக இலவசமாகக் கொடுத்துவருகிறேன். அது எழுதித் தரும் எச்.டி.எம்.எல். குறியீடு அவ்வளவு சுத்தம். தலைப்பு தலைப்பாக இருக்கும், கட்டம் கட்டமாக இருக்கும், திறந்ததெல்லாம் மூடியிருக்கும். சரிபார்க்கும் தளத்தில் கொடுத்தால் பிழை பூஜ்யம். இதுவரை ஒரு ஜீவன்கூட அதைப் பாராட்டியதில்லை. பக்கத்துக்குள்ளே எட்டிப் பார்க்கவேண்டும் என்று யாருக்கு என்ன தலையெழுத்து?

"விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம்" என்று விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்த வரியை முழுசாக நம்பிய ஒரே ஆள் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். சீருடை தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். கடையின் வலைப்பூவில் அளவுப் பட்டியலுக்கு என் பிளகினைப் போட்டு, அட்டவணையின் அச்சான டெம்ப்ளேட்டைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டார். கட்டங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, ஸ்பேஸ் தட்டித் தட்டி எண்களை வரிசையில் நிறுத்தினார். மேலே எழுபது நட்சத்திரம், கீழே எழுபது நட்சத்திரம், பின்னால் தங்க நிறம். மொத்தம் அறுபத்து மூன்று பிழை. அடியில் "இந்த அட்டவணையை உருவாக்கியது" என்று என் பிளகினின் பெயர்.

அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்து ஒரு மாற்றம் செய்தேன். டெம்ப்ளேட்டில் பிழை இருந்தால் பிளகின் அதை ஓரங்கட்டிவிட்டு, என்னுடைய சுத்தமான அட்டவணையையே காட்டும். காலை ஏழு மணிக்கு அப்டேட்டை வெளியிட்டேன். எட்டு மணிக்கு மச்சானிடமிருந்து போன்.

"மாப்ள, பக்கத்துல ஒண்ணுமே இல்ல."

"அட்டவணை இல்லையா?"

"அது இருக்கு. அழகுதான் போச்சு. துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு."

"ரொம்ப நன்றி மச்சான்" என்றேன்.

மனைவி போனைப் பிடுங்கிப் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஆஸ்பத்திரிக்குத் துணி வாங்குற அதிகாரி இன்னைக்குப் பத்து மணிக்கு வர்றாங்களாம். நானூறு பேருக்குச் சீருடை. அந்தப் பட்டியல வெச்சுத்தான் முடிவு சொல்வாங்களாம். இது கைவிட்டுப் போச்சுன்னா அண்ணன் ரெண்டு தையல்காரங்கள வேலையவிட்டு நிறுத்தணும். போய்ச் சரி பண்ணிக் குடுங்க."

"இப்பதாம்மா அது சரியா இருக்கு."

அவள் ஒரு பார்வை பார்த்தாள். நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கடையில் இஸ்திரிப் பெட்டியின் ஆவி அடித்துக்கொண்டிருந்தது. தையல்காரர்கள் இருவரும் மிஷினை நிறுத்திவிட்டு, குடும்பத்தைக் கெடுக்க வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். வெட்டும் மேஜையில் துணித் துண்டுகளை ஒதுக்கி இடம் பண்ணி, பழைய டெம்ப்ளேட்டைத் திரும்பக் கொண்டுவர ஆரம்பித்தேன். பிழை பார்க்கும் வேலையே வேண்டாம் என்று என் பிளகினுக்கு நானே சொல்லவேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். கடைசிப் பொத்தான் ஒன்றுதான் பாக்கி.

பத்துக்குக் கால் மணி இருக்கும்போதே அதிகாரி வந்துவிட்டார். வாசலில் ஒருமுறை நின்று, கையிலிருந்த வெள்ளைக் கோலால் படியைத் தொட்டுப் பார்த்து உள்ளே வந்தார். மச்சான் என்னைப் பார்த்தார், நான் மச்சானைப் பார்த்தேன். இது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாத விஷயம்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கோலை மடித்தார். "பக்கத்தை எனக்குப் போன்தான் படிச்சுச் சொல்லும். நேத்து உங்க பட்டியலைப் போட்டேன். நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம்னு எழுபது தடவை சொல்லுச்சு. அப்புறம் வெறும் நம்பரா கொட்டுச்சு. எது மார்பு, எது தோள்னு தெரியல. வேற கடையப் பாத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

மச்சானின் முகத்தில் ஈயாடவில்லை.

"காலையில எதுக்கும் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். இதோ கேளுங்க" என்று போனை மேஜைமேல் வைத்தார்.

"நடுத்தர அளவு. மார்பு, நாற்பத்திரண்டு. தோள், பதினெட்டு. நீளம், இருபத்தெட்டு" என்றது போன்.

பொத்தானின் மேல் இருந்த விரலை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு எண்ணும் தன் தலைப்போடு வந்தது. நான் எழுதியது இன்னொருவர் காதில் விழுவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. தையல்காரர்கள் பார்க்கிறார்களே என்று இஸ்திரி ஆவிமேல் பழி போட்டுத் துடைத்துக்கொண்டேன்.

"இதை யாரு மாத்தினது?"

மச்சான் தொண்டையைச் செருமினார். தானே செய்ததாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"எங்க மாப்ளதாங்க. அவருக்கு இதான் வேலை" என்றார்.

அப்புறம் என்னைப் பிடிக்க முடியுமா? தலைப்புக் கட்டம் என்றால் என்ன, அது எந்த வரிசைக்குச் சொந்தம் என்று எப்படி எழுதுவது என்றெல்லாம் பத்து நிமிஷம் விளக்கினேன். ஆர்டர் தாள் கையெழுத்தில்லாமல் கிடந்தது. மச்சான் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"என்னைய மாதிரி ஆளுங்கள நெனச்சுத்தான் செஞ்சீங்களா?"

காலில் அழுத்தம் கூடியது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நானூறு சீருடை.

"இல்லைங்க" என்றேன். "எனக்குப் பிழை இருந்தா பிடிக்காது, அவ்வளவுதான். உங்கள நான் நெனச்சே பார்க்கல. ஒன்பது வருஷத்துல ஒரு தடவகூட."

மச்சான் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அதிகாரி சிரித்துவிட்டார். "எங்கள நெனச்சு செஞ்சோம்னு எழுதி வெச்சவங்க நிறையப் பேரு இருக்காங்க. அந்தப் பக்கத்துலயெல்லாம் எனக்கு ஒண்ணுமே புரியாது. கையெழுத்து எங்க போடணும், காட்டுங்க."

மச்சான் என் காலிலிருந்து தன் காலை எடுத்தார்.