வலது பக்கம் ஏறும் பஸ்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும்போது மட்டும் நெடுமாறனின் பஸ் ஏன் வலது பக்கம் ஏறி ஓடுகிறது, திரும்பி வரும்போது ஏன் ஒழுங்காக இடது பக்கமே வருகிறது என்பது சுடர்விழிக்கு விளங்கவே இல்லை.

நிஜ பஸ் இல்லை. இணையத்தில் பலர் ஒன்றாகச் சேர்ந்து ஓட்டும் விளையாட்டு. அவரவர் கணினி முன்னால் உட்கார்ந்து ஒரே சாலையில் பஸ் ஓட்டலாம், பயணியாக ஏறிக்கொண்டு ஊர்க்கதை பேசலாம். நம் பக்கத்துச் சாலையை ஆர்வக்காரர்கள் சிலர் அதற்குள் வரைந்து வைத்திருந்தார்கள். அந்தச் சாலை ஓடும் சர்வரை, எல்லோரையும் இணைக்கும் மையக் கணினியை, சுடர்விழியும், பாபநாசத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜாஃபர் சாதிக்கும் பார்த்துக்கொண்டார்கள். சம்பளம் கிடையாது, திட்டு தாராளமாகக் கிடைக்கும்.

வாரம் முழுக்க ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடித்த விரல்கள் வலித்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு புகார்களைத் திறந்தாள். எல்லாம் ஒரே புகார்தான். நெடுமாறன் எதிரே வந்து மோதுகிறார்.

"தூக்கிடலாம்மா," என்றார் ஜாஃபர் போனில். "கடையிலயும் இதே பஞ்சாயத்து. ஆளை வெளிய அனுப்புனாத்தான் அடங்கும்."

"இன்னைக்கு ஒரு நாள் பாக்கறேன் பாய்."

நெடுமாறன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலையில் இருந்தார். மனைவி கயல்விழி அய்யம்பேட்டையில். ஞாயிறுதோறும் அவர் பஸ் ஓட்டுவார். அவள் முன்சீட்டில் பயணியாக ஏறிக்கொள்வாள். போனில் பேசினால் சாப்பாடு, பணம், மாத்திரை என்று ஐந்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துபோகிறதாம். பஸ்ஸில் உட்கார்ந்தால்தான் பேச்சு வருகிறதாம். "வெளிய அனுப்பிடாதீங்க அக்கா," என்று கயல்விழி எழுதியிருந்தாள். "அவரு தப்பா ஓட்டல. நான் பக்கத்துலயே இருந்து பாக்கறேன்."

சுடர்விழி போன வாரப் பதிவை ஓட்டிப் பார்த்தாள். அய்யம்பேட்டை தாண்டியதும் வெறும் தார்ச்சாலை. நெடுமாறனின் பஸ் மெல்ல வலது பக்கம் சாய்ந்து, அங்கேயே ஓடியது. சாலையோரம் மரங்கள் வந்ததும் சமர்த்தாக இடது பக்கம் திரும்பியது. வெட்டவெளி வந்ததும் மறுபடி வலது.

"குடிச்சிட்டு ஓட்டுறாரோ?"

"மரத்தைக் கண்டா மட்டும் தெளியுமா பாய்?"

மூன்று தடவை பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். பார்த்துப் பயனில்லை என்று தோன்றியது. அவர் பஸ்ஸிலேயே போய் ஏறினாள்.

"வாங்க அட்மின் மேடம்! டிக்கெட் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

"இன்னைக்கு மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஓட்டுறாரு," என்றாள் கயல்விழி. "நான் மட்டும் ஏறுனா இந்த மரியாதை கிடையாது."

அய்யம்பேட்டை கடந்தது. வெட்டவெளி வந்தது. பஸ் வலது பக்கம் ஏறியது.

"இப்ப எதுக்கு வலது பக்கம் போனீங்க?"

"பின்ன? நெல்லு மேல ஏத்தச் சொல்றீங்களா?"

"ஏத்துனா காயப்போட்டவங்க வாயில விழணும்," என்றாள் கயல்விழி.

சுடர்விழி தன் திரையை உற்றுப் பார்த்தாள். கறுப்புத் தார், வெள்ளைக் கோடு.

"எந்த நெல்லு?"

"பாதி ரோட்டுக்குக் காயுதே மேடம்! ஓரத்துல கல்லு வெச்சு... உங்களுக்குத் தெரியலையா?"

அவர் ஒரு மோட் போட்டிருந்தார். விளையாட்டோடு வராமல் வெளியே யாரோ செய்து கொடுத்த ஒப்பனை. "வெறும் அழகுக்குத்தான் மேடம். தை மாசத்துலயும் வயலு பச்சையாவே இருந்தா நல்லாவா இருக்கு? இதுல பழுத்திருக்கும். கூடவே ரோட்டுல நெல்லும் வந்துச்சு. கயலுக்கும் அனுப்பிவெச்சேன்."

"இத்தனை சண்டையிலயும் ஏன் சொல்லல?"

"ரோட்டுல நெல்லு கிடக்குன்னு யாராவது சொல்லிட்டிருப்பாங்களா?"

அத்தனை சோர்விலும் சுடர்விழிக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபட்டது. சர்வர் யாருக்கும் படம் அனுப்புவதில்லை. எந்த பஸ் எந்த இடத்தில், எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது என்ற எண்களை மட்டுமே அனுப்புகிறது. படத்தை அவரவர் கணினி தன்னிடம் இருக்கும் கோப்புகளைக் கொண்டு தானே வரைந்துகொள்கிறது. அவர் கணினியில் நெல் இருந்தது, அதனால் விலகினார். எதிரே வந்தவரின் கணினியில் நெல் இல்லை. அதனால் நேரே வந்தார். அவரவர் திரையில் அவரவர் சரி. நெல் சாலையில் கும்பகோணம் போகும் பக்கத்துப் பாதியில் மட்டும் கிடந்ததால் திரும்பும்போது சிக்கலில்லை. மர நிழலில் யாரும் நெல் காயப்போடுவதில்லை. மோட் செய்தவருக்கு அது தெரிந்திருக்கிறது.

"பாத்தியா?" என்றார் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஜாஃபர். "எல்லா மோடையும் மூடிடும்மா. ஒரே தட்டுல வேலை முடிஞ்சுது."

அந்த ஒரு தட்டுக்கு அவள் கை போகத்தான் செய்தது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கலாம்.

"மூடுனா உங்க பஸ்ல எழுதியிருக்கற கடைப் பேரும் போயிடும் பாய்."

"அது யாரை இடிச்சுது?"

"அதைத்தான் நானும் சொல்றேன். கடைப் பேரைப் பாத்து யாரும் ஸ்டியரிங்கை ஒடிக்கறதில்ல. நெல்லைப் பாத்தா ஒடிக்கறாங்க. கையை அசைய வைக்கற பொருளு எல்லாருக்கும் தெரியணும். அவ்வளவுதான்."

ஜாஃபர் சற்று யோசித்தார். "சரி, நாளைக்கு ஒருத்தன் மரத்தையெல்லாம் எடுத்துட்டு ஓட்டுவான். வளைவுக்கு அந்தப் பக்கம் வர்ற வண்டி அவனுக்கு மட்டும் முன்னாடியே தெரியும். அதுவும் அழகுதானம்பான்."

"அதுவும் ரோட்டோட சேர்ந்ததுதான் பாய். கை வைக்கக் கூடாது."

அந்த மோடை இரண்டாகப் பிரித்தார்கள். பழுத்த வயலை நெடுமாறனுக்கே விட்டார்கள். நெல்லையும் ஓரத்துக் கல்லையும் சர்வரில் ஏற்றினார்கள். உள்ளே வருகிறவர்களின் சாலைக் கோப்பும் மரக் கோப்பும் சர்வரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வைத்தார்கள். ஒத்துப்போகாதவருக்குக் கதவு திறக்காது.

சாயங்காலம் நெடுமாறன் மறுபடி வண்டி எடுத்தார். எதிரே வந்த பஸ் நெல்லுக்கு முன்னாலேயே ஒதுங்கி நின்று, விளக்கை அடித்து வழி விட்டது. நெடுமாறனின் பஸ்ஸுக்குள் கயல்விழி யார் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

சுடர்விழி மைக்கை அணைத்துவிட்டு, சர்வரின் முகப்பில் விதியை எழுதினாள்: பஸ்ஸின் மேலும், பஸ்ஸுக்குள்ளும், வயலின் நிறத்திலும் அவரவர் விருப்பப்படி மோட் போட்டுக்கொள்ளலாம்; சாலையில் கிடப்பதும் சாலையை மறைப்பதும் சர்வரிலிருந்து மட்டுமே வரும், எல்லோருக்கும் ஒரே மாதிரி.