பள்ளத்தில் அடித்த ஆணி

கண்ணாயி ஏணியில் கால் வைத்ததும் எதிர்ப்பாறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஊர் சிரிப்பதை நிறுத்தியது. காலையிலிருந்து அவர்களுக்கு நல்ல பொழுதாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவித்த மரவள்ளிக் கிழங்கை மடியில் கட்டிக்கொண்டு வந்து, உப்பு மிளகாயில் தொட்டுத் தின்றபடி, அவள் புருசன் அர்த்தனாரி வீட்டின் மேல் தகரத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஒரு மூலையைப் பிடித்தால் மறுமூலை எழுந்துகொண்டது. அதைக் காலால் மிதித்தால் வாயில் கவ்வியிருந்த ஆணி நழுவிக் கீழே விழுந்தது. ஆணி விழும்போதெல்லாம் பாறையில் யாராவது ஒருவர் "போச்சு" என்றார். சுவரோரம் நின்று அந்த ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவளைத்தான் அவன் மேலே கூப்பிட்டான்.

அந்த ஊரில் பொம்பளை கூரையேறக் கூடாது. வீட்டுச் சாமி கூரையின் உச்சிக் கட்டையான மோட்டுவளையில் குடியிருக்கிறது, அதற்கு மேலே சேலை போகக் கூடாது என்பது ஊர்க்கட்டு. மலையில் இன்னொரு பக்கம், கண்ணாயி பிறந்த திருப்புலி நாட்டிலும் அதே கட்டுதான். கூரை மேய்கிற நாளில் பொம்பளைகள் களி கிண்டுவார்கள், புல்லுக்கட்டை எடுத்துக் கொடுப்பார்கள், அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

"ஏனுங்க, நான் ஏறக் கூடாதுங்க" என்றாள்.

"அப்ப அந்தப் பாறையில குந்தியிருக்கறவன்ல எவனையாச்சும் கூட்டிட்டு வா போ."

எவன் வருவான்? அவர்கள் ஊர் இருந்த அரியூர் நாட்டில் ஒருவன் கூரையை ஒருவன் மேய்ந்து கொடுப்பதுதான் வழக்கம். இன்றைக்கு உன் வீட்டுக்கு நான், நாளைக்கு என் வீட்டுக்கு நீ. போன கோடையில் அர்த்தனாரி யார் வீட்டுக்கும் போகவில்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தான். இடுப்பில் ஒரு சுத்தியலைச் செருகிக்கொண்டு ஊருக்குள் நடந்தான். "எலிக்கும் பாம்புக்குமா ஊடு கட்டறீங்க? துரை பங்களாவுல பாத்தேன், எல்லாம் தகரம்" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னான். தோட்டத்தில் அவன் பார்த்தது பழம் பொறுக்குகிற வேலை. எப்போதோ ஒரு நாள் தச்சனுக்கு ஆணி எடுத்துக் கொடுத்திருக்கிறான். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு தன்னைத் தச்சன் என்றே நம்பிவிட்டான். மலையில் அவனை மறுத்துச் சொல்ல ஆளில்லை. அங்கே ஆணியடித்துப் பழகியவன் எவனும் கிடையாது. கதவுப் படலிலிருந்து கூரை வரைக்கும் எல்லாமே நாரால் கட்டுவதுதான்.

தோட்டத்தில் ஒரு பழைய கொட்டகையைப் பிரித்தபோது மிஞ்சிய நெளித்தகரங்களை அவன் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தான். மலையடிவாரத்துப் புளியஞ்சோலை வரைக்கும் அவை வண்டியில் வந்தன. அதற்கு மேல் கண்ணாயியின் தலையில் வந்தன. சும்மாட்டையும் மீறி விளிம்பு நெற்றியை அறுத்தது. ஒவ்வொரு தகரமாக ஏற்றி முடிப்பதற்குள் அவளுக்குக் கழுத்து திரும்பவே மாட்டேன் என்றது. அதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண் ஜென்மம் சுமக்கத்தானே என்று ஊரில் எல்லாரும் நினைத்ததையே அவளும் நினைத்தாள்.

அவளுக்கு இருந்த ஒரே கவலை பரணில் இருந்த விதைக்கூடைதான். சாணி மெழுகிய மூங்கில் கூடையில் அந்த வருசத்து விதைச்சாமை அத்தனையும் இருந்தது. அவள் தாலி கட்டிக்கொண்டு வந்தபோது தாய் முந்தானையில் முடிந்து கொடுத்த சாமை அது. வருசா வருசம் விதைத்து, அறுத்து, நல்ல கதிராகப் பார்த்து எடுத்து வைத்து, அதை இத்தனை காலம் காப்பாற்றியிருக்கிறாள். அது நனைந்தால் விதைப்பு இல்லை. விதைப்பு இல்லையென்றால் அடுத்த வருசம் அடுப்பு எரியாது. அர்த்தனாரியோ புல்லையெல்லாம் முந்தின நாளே பிடுங்கிப் போட்டுவிட்டான். வீடு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. தெற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. கூடையை நினைத்துத்தான் கண்ணாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியேறினாள்.

மேலே போனதும் தகரத்தை முதன்முதலாக வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தாள். மேடும் பள்ளமுமாக நெளிந்திருந்த அதில் பழைய ஆணி ஓட்டைகள் இருந்தன. எல்லாம் மேட்டிலேயே இருந்தன. பள்ளத்தில் ஒன்றுகூட இல்லை. அர்த்தனாரி அந்த ஓட்டைகளையெல்லாம் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் காய்ச்சி வெகு பொறுப்பாக அடைத்து வைத்திருந்தான். புது ஆணியைப் பள்ளத்தில் வைத்து அடித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, ஓட்டையெல்லாம் மேட்டுலயே இருக்குதுங்களே. தோட்டத்துல அவிங்க ஏன் அப்படி அடிச்சாங்க?"

"அவிங்க முட்டாப்பசங்க. மேட்டுல அடிச்சா அடியில பொக்குனு இருக்குது, தகரம் நசுங்குது. பள்ளந்தான் மரத்துல ஒட்டுது. ஒட்டற எடத்துலதான கட்டணும்? வாயை மூடிட்டு ஆணியப் புடி."

காலமெல்லாம் நாரால் கட்டியவனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எங்கே மரத்தோடு ஒட்டுகிறதோ அங்கேதான் முடிச்சு விழ வேண்டும். மழைத்தண்ணீர் மேட்டில் நிற்காது, பள்ளத்தில்தான் ஓடும் என்பது அவன் யோசனைக்கு வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஊரில் அன்றைக்கு யார் யோசனைக்கும் வரவில்லை. பாறையிலிருந்து சிரித்தவர்களும் அவன் சுத்தியல் பிடித்த அழகைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

கண்ணாயி கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஆணியை நிறுத்திப் பிடித்தாள். அவன் சுத்தியலைத் தலைக்கு மேலே ஓங்கினான். விறகு பிளக்கிறவனுக்குத் தெரிந்த ஓங்கல் அது ஒன்றுதான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் அடி ஆணியில் விழுந்தது. இரண்டாவது அடி அவள் விரல்களில் விழுந்தது.

அவள் கத்தியது தகரத்தின் சத்தத்தில் அமுங்கிப்போனது. ஆனால் ரத்தம் பள்ளத்து வழியே ஓடி வந்து கூரை விளிம்பில் சொட்டியதைப் பாறையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அர்த்தனாரியின் அண்ணன் மருதாசலம் எழுந்து நின்றான்.

"டேய், தச்சா! ஆணி அது பக்கத்துல இருக்குதுடா!"

ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அர்த்தனாரிக்கு முகம் கறுத்தது. அவன் பெண்டாட்டியின் கையைப் பார்க்கவில்லை. "ஒரு ஆணி புடிக்கத் துப்பில்ல. எறங்கித் தொலை" என்றான். ஒற்றைக் கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கினாள். நாலைந்து படி தாண்டியதும் கால் வழுக்கி, மீதியை உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தாள். அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது.

மருதாசலத்தின் பெண்டாட்டி நஞ்சம்மாள் மட்டும் ஓடி வந்து, மஞ்சளை அரைத்து வைத்துத் துணி சுற்றினாள். கட்டை விரல் நகம் துணியோடு வந்துவிட்டது. எலும்பு என்ன ஆனது என்று இரண்டு பேரும் தொட்டுப் பார்க்கப் பயந்தார்கள். அந்தக் கையால்தான் கண்ணாயி களையெடுப்பாள், அந்தக் கையால்தான் திரிகை சுற்றுவாள்.

மறுநாள் ஊர்க்கவுண்டர் குப்புசாமி கூட்டம் போட்டார். நல்ல மனுசர், யாரையும் அதட்டிப் பேச மாட்டார். அன்றைக்கும் மெதுவாகத்தான் பேசினார்.

"தகரம் போட்டது அவன் புத்தி. அதுக்குக் கட்டு ஒண்ணும் கெடையாது. ஏறுனது அவ. மோட்டுவளைக்கு மேல சேலை போயிருச்சு, ரத்தமும் சிந்திருச்சு. ஆடி நோம்பிக்குத் தீர்த்தம் தெளிக்கற வரைக்கும் அந்தப் புள்ளை யார் ஊட்டுக்குள்ளயும் காலு வைக்கக் கூடாது. அது கையில இருந்து நெருப்பும் வெதையும் வாங்கவும் கூடாது, அதுக்குக் குடுக்கவும் கூடாது. என்னப்பா அர்த்தனாரி, சரிதான?"

ஏறச் சொன்னவன் அர்த்தனாரி என்பது பாறையில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். "சரிங்க" என்றான். தன் தலையில் எதுவும் விழவில்லையே என்ற நிம்மதி அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கண்ணாயி கூட்டத்துக்கு வெளியே வீங்கிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆடி நோம்பி விதைப்புக்கு அப்புறம்தான் வரும். இனி அந்தக் கூடையில் இருப்பது போனால் கைமாற்றாக ஒரு பிடி விதை கேட்கக்கூட வழியில்லை என்று அவள் மனசு கணக்குப் போட்டது.

மீதித் தகரங்களை அர்த்தனாரி தனியாகவே அடித்து முடித்தான். தகரத்தின் மேல் கல்லைத் தூக்கி வைத்து, அதன் மேல் ஒரு காலை வைத்து, ஒவ்வொரு பள்ளத்திலும் ஆணியை இறக்கினான். முடிந்ததும் வாசலில் நின்று பார்த்தான். கோணலாக இருந்தாலும் பளபளத்தது. போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினான்.

மழை ஒரு மத்தியானம் வந்தது. கண்ணாயி இடது கையால் களி கிண்டிக்கொண்டிருந்தாள். முதல் துளிகள் தகரத்தில் விழுந்த சத்தத்தில் கோழிகள் பறந்து வெளியே ஓடின. கொஞ்ச நேரத்தில் மழை வலுத்தது. வீட்டுக்குள் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை. அப்புறம் ஒழுக ஆரம்பித்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒழுகவில்லை, ஆணி வரிசைப்படி ஒழுகியது. அவன் எங்கெங்கே ஆணி இறக்கினானோ அங்கெல்லாம் பள்ளத்தில் ஓடிவந்த தண்ணீர் வழி கண்டுபிடித்து இறங்கியது. மெழுகால் அடைத்த பழைய ஓட்டைகளில் ஒரு பொட்டு ஒழுகவில்லை. அந்த வேலையை மட்டும் நன்றாகச் செய்திருந்தான்.

கண்ணாயி பரணுக்குத் தாவினாள். கூடையை இந்த ஓரத்துக்கு இழுத்தால் ஒரு ஆணி, அந்த ஓரத்துக்கு இழுத்தால் இன்னோர் ஆணி. நெஞ்சால் முட்டி, இடது கையால் அணைத்து, கூடையைக் கீழே இறக்கினாள். நனையாத இடம் என்று வீட்டுக்குள் ஒரு முறம் அளவுகூட இல்லை.

அர்த்தனாரி சுத்தியலோடு பரணேறினான். ஆணி சரியாக இறுகவில்லை, அதனால்தான் ஒழுகுகிறது என்று நினைத்தான். முனையை மடக்கினால் இறுகும் என்று, உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஆணி முனைகளைக் கீழிருந்து ஓங்கி ஓங்கி அடித்தான். ஆணி மேலே கிளம்பி வெளியே போய் விழுந்தது. சொட்டிய இடத்தில் இப்போது தாரையாகக் கொட்டியது. அவன் அடுத்த ஆணிக்கு நகர்ந்தான்.

"அடிக்காதீங்க! அய்யோ, அடிக்காதீங்க சாமி!" என்று கண்ணாயி கத்தினாள். தகரத்தின் இரைச்சலில் அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

அவள் கூடையை இடுப்பில் ஏற்றி முந்தானையால் மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அவன் திரும்பிப் பார்த்துவிட்டான். வாய் அசைந்தது. ஊர் சிரிக்கும், போகாதே என்கிறான் என்பது உதட்டிலிருந்தே தெரிந்தது. அவள் மழைக்குள் இறங்கினாள்.

வாசலைத் தாண்டினால் மருதாசலம் வீடு. புதுப் புல் மேய்ந்த கூரையிலிருந்து அடுப்புப் புகை மெதுவாகக் கசிந்துகொண்டிருந்தது. நஞ்சம்மாள் படலைத் திறந்து பாதி உடம்போடு நின்றாள்.

"கண்ணாயி, உள்ள வந்துறாத கண்ணு. அவரு இருக்கறாரு."

"நான் வரலீங்கக்கா. கூடைய மட்டும் உள்ள இழுத்துக்குங்க."

"உங் கையில இருந்து வெதை வாங்கக் கூடாதுன்னு சொல்லிப்புட்டாங்களே."

"குடுக்கலீங்க. கீழ வெக்கறேன். நான் தள்ளிப் போனதுக்கப்புறம் எடுத்துக்குங்க."

நஞ்சம்மாள் கூடையைப் பார்த்தாள், மஞ்சள் கறை ஏறிய துணிக்கட்டைப் பார்த்தாள். உள்ளேயிருந்து மருதாசலத்தின் குரல் வந்தது.

"தகர ஊட்டுக்காரிக்கு நம்ம புல்லு ஊட்டுல என்ன வேலையாமா?"

சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான். நஞ்சம்மாள் சிரிக்கவில்லை. "கீழ வெச்சாலும் அது உன்னுதுதான கண்ணு" என்றாள். "எறவாரத்துல நின்னுக்க. அங்க நிக்கறதுக்கு ஒண்ணும் சொல்லல." பிறகு படலை மெதுவாக, கண்ணாயியின் முகத்தில் படாதபடி சாத்திக்கொண்டாள்.

இறவாரத்தில் வெள்ளாடுகள் ஒண்டியிருந்தன. அவற்றை முழங்காலால் ஒதுக்கிவிட்டுக் கண்ணாயி சுவரோரம் குந்தினாள். சாரல் கால் வரைக்கும் வந்தது. கூடையை மடியில் வைத்து அதன் மேல் கவிழ்ந்துகொண்டாள். அங்கே, அவள் வீட்டுக்குள், டங்கு டங்கென்று சுத்தியல் ஓயாமல் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து முந்தானையை விலக்கி இடது கையைக் கூடைக்குள் விட்டாள். மேலே சாமை காய்ந்துதான் இருந்தது. மணிமணியாக விரலிடுக்கில் ஓடியது. உயிர் வந்தது அவளுக்கு. இன்னும் கொஞ்சம் ஆழமாக, முழங்கை வரைக்கும் விட்டாள். அடியில் கொழகொழவென்று ஒட்டியது. பரணில் தேங்கிய தண்ணீர் எப்போதோ அடிப்பக்கம் வழியாக ஊறி ஏறியிருந்தது.

கையை வெளியே எடுத்தாள். உள்ளங்கையிலும் விரல்களிலும் ஈரச் சாமை அப்பியிருந்தது. பக்கத்தில் நின்ற ஆடு மூக்கை நீட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, சொரசொரத்த நாக்கால் விரல் விரலாக நக்கித் தின்ன ஆரம்பித்தது. கண்ணாயி கையை இழுத்துக்கொள்ளவில்லை.