மாக்ரெட்டின் ஷாம்பு கேன்கள்

நாகமணி யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் மனையியல் படிப்பித்தவள். தொண்ணூற்றைந்தில் யுத்தத்தால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது வேலையையும் வீட்டையும் விட்டு, கணவன் முத்துலிங்கத்துடன் கொழும்புக்கு வந்து சேர்ந்தாள். வெள்ளவத்தையில் கைருன்னிஸாவின் வீட்டு மேல்மாடியில் ஓர் அறை கிடைத்தது. முத்துலிங்கம் கொள்ளுப்பிட்டியில் ஒரு கடையில் கிளார்க் வேலைக்குப் போனார். நாகமணிக்கு வேலை கிடைக்கவில்லை.

பக்கத்து அறையில் மாக்ரெட் இருந்தாள். கொட்டாஞ்சேனைக்காரி. தமையனுக்குக் கல்யாணமாகி வீட்டில் இடம் போதாமல் போனதால் இங்கே தனியாக வந்திருந்தாள். ஒரு பியூட்டி பார்லரில் தலை கழுவிவிடுவதுதான் அவள் தொழில். பார்லர் முதலாளியம்மா, திகதி முடியப்போகும் ஷாம்புவையும் கண்டிஷனரையும் கேன் கேனாக அவளிடமே கொடுத்துவிடுவாள். மாக்ரெட்டின் கட்டிலுக்கடியில் அப்படி ஐந்து லீற்றர் கேன்கள் மூன்று எப்போதும் இருந்தன.

அவளுக்கு ஷாம்பு தலைக்கு மட்டுமானதல்ல. கைருன்னிஸாவின் விரலில் இறுகிப்போன மோதிரத்தை இரண்டு சொட்டு விட்டுக் கழற்றினாள். குசினி ஜன்னலில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை அதாலேயே போக்கினாள். குளியலறைக் கண்ணாடியில் மெல்லியதாகப் பூசித் துடைத்துவிட்டாள், சுடுதண்ணி ஊற்றினாலும் ஆவி படியவில்லை. முன்வீட்டுப் பெண்கள்கூட சங்கிலியையும் சிக்கிப்போன ஜிப்பையும் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்கள். எல்லோரும் நாகமணியின் அறை வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். "மாக்ரெட் இருக்கிறாவா?" என்று அவளிடமே கேட்டார்கள்.

சட்டைக் கறைகளை எப்படி எடுப்பதென்று முப்பது முப்பது பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நாகமணி. எட்டாம் வகுப்போடு நின்ற மாக்ரெட்டிடம் ஊரே போய்ப் படிக்கிறது.

ஒரு நாள் நாகமணியின் கல்யாணக் கூறைச்சேலையில் நல்லெண்ணெய் கொட்டிவிட்டது. என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியும். கடலை மா வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான். அதற்குள் முத்துலிங்கம் சேலையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டார். பின்னேரம் அது கறையில்லாமல் மடித்து வந்தது.

"பாத்தீரா, என்ன மாதிரி எடுத்திருக்கிறா! கைராசிக்காரி," என்றார்.

"என்ர கூறையை ஏன் அவட்டைக் குடுத்தனீங்கள்?"

"குடுத்தா என்னப்பா? நல்லாத்தானே செய்து தந்திருக்கிறா."

அடுத்த கிழமை முத்துலிங்கம், சவர்க்காரம் தீர்ந்துவிட்டதென்று, மாக்ரெட் கொடுத்த கண்டிஷனரைப் பூசிச் சவரம் செய்துகொண்டு வந்தார். கன்னம் பட்டுப்போல இருக்கிறது, தொட்டுப் பாரும் என்றார். நாகமணி தொடவில்லை. மாக்ரெட் நடந்துபோனால் படிக்கட்டில் தங்கிநிற்கும் வாசம் இப்போது தன் கணவனின் முகத்திலிருந்து வந்தது. அவர்களுக்குள் ஒன்றுமில்லை என்பது அவளுக்கு நிச்சயம் தெரியும். தெரிந்தும் அன்று அவரோடு கதைக்கவில்லை.

கொழும்பில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம். ஒரு ஞாயிறு காலை ஒன்பது மணிபோல பொலிஸார் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். முத்துலிங்கம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். கீழே கைருன்னிஸாவை ஒரு பொலிஸ்காரர் விசாரித்துக்கொண்டிருக்க, இன்ஸ்பெக்டர் இரண்டு பேருடன் மாடிக்கு வந்தார். மாக்ரெட்டின் கட்டிலுக்கடியிலிருந்து மூன்று கேன்களையும் இழுத்து வெளியே வைத்தார்கள். எதிலும் லேபல் இல்லை.

"மேவா மொனவாத?" இதெல்லாம் என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

ஷாம்பு என்று மாக்ரெட் சிங்களத்தில் சொன்னாள். ஒரு ஆளுக்கு இவ்வளவு எதற்கு என்று அவர் கேட்டார். ஜன்னல் கழுவ, ஜிப் இழுக்க, மோதிரம் கழற்ற என்று அவள் பதறிப் பதறிச் சொல்லச் சொல்ல அவருடைய முகம் இறுகியது. அவர் வாசலில் நின்ற நாகமணியின் அடையாள அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதில் ஆசிரியை என்றிருந்தது.

"டீச்சர், இது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா?"

மாக்ரெட் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நிம்மதி இருந்தது. அக்கா சொல்லிவிடுவா என்ற நிம்மதி.

"மம தன்னே நே," என்றாள் நாகமணி. எனக்குத் தெரியாது.

மாக்ரெட்டையும் கேன்களையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நாகமணி குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். பயத்தினடியில், இனி யாரும் தன் வாசலில் நின்று மாக்ரெட்டைத் தேடமாட்டார்கள் என்ற சின்னச் சந்தோசமும் இருந்தது. தேத்தண்ணி ஆறுவதற்குள் முத்துலிங்கம் மரக்கறிப் பையுடன் ஓடிவந்தார். கீழே கைருன்னிஸா எல்லாம் சொல்லியிருந்தாள்.

"நான் பொலிசுக்குப் போறன்."

"உங்களையும் பிடிச்சு வைப்பாங்கள். அவவுக்காக ஏன் இப்பிடித் துடிக்கிறியள்?"

"உம்மைக் கொண்டுபோயிருந்தா அவ இவ்வளவுக்கும் அங்கை போய் நிண்டிருப்பா." சட்டென்று நின்றார். "நீர் பக்கத்திலைதானே நிண்டனீர்? அது ஷாம்பு எண்டு சொல்லேல்லையோ?"

நாகமணி ஹான்ட்பேக்கை எடுத்தாள். "நீங்கள் போகவேண்டாம். நான் போறன்," என்றாள். தன் அரைகுறைச் சிங்களம் போதாதென்று கைருன்னிஸாவையும் கூட்டிக்கொண்டாள்.

பொலிஸ் நிலையத்தில் மாக்ரெட் சுவரோரம் மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. கேன்களைப் பரிசோதனைக்கு அனுப்பப் போவதாகவும், முடிவு வர இரண்டு மூன்று கிழமையாகும், அதுவரைக்கும் அவளை விடமுடியாதென்றும் இன்ஸ்பெக்டர் சொன்னார்.

"அது ஷாம்புதான் எண்டு சொல்லுங்கோ. எனக்குத் தெரியும்," என்றாள் நாகமணி.

கைருன்னிஸா சொன்னாள். அப்படியென்றால் காலையில் ஏன் தெரியாதென்று சொன்னாய் என்று அவர் கேட்டார்.

நாகமணி மேசையைப் பார்த்தபடி தமிழில் சொன்னாள். "எரிச்சலிலை சொன்னனான். எல்லாரும் இவவைத்தான் தேடீனம். என்ர மனுசனும் இவவைத்தான் புகழுறார். அந்த எரிச்சல்."

கைருன்னிஸா திரும்பி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம், "எயா பயட்ட கிவ்வே, மஹத்தயா," என்றாள். பயத்தில் சொல்லிவிட்டாளாம்.

வாங்கிலிருந்த மாக்ரெட்டுக்கு இரண்டு பாஷையும் தெரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. ஷாம்பு என்றால் உன் தலையில் போட்டுக் காட்டு என்றார். முற்றத்தில் ஜீப் கழுவும் குழாய் இருந்தது. நாகமணி கொண்டையை அவிழ்த்தாள். வெளி ஆம்பிளைகளுக்கு முன்னால் ஒருநாளும் தலைமுடியை விரித்து நிற்காதவள், ஐந்தாறு பொலிஸ்காரர் பார்க்கக் குழாயடியில் குந்தினாள். கண்ணில் தண்ணீர் வழிந்து ஒன்றும் தெரியவில்லை. கைகள் தடுமாறின.

"இருங்க அக்கா, நான் போடுறேன்," என்று ஒரு குரல் கேட்டது. மாக்ரெட் இன்ஸ்பெக்டரிடம் கேட்டுக்கொண்டு எழுந்து வந்திருந்தாள்.

மூன்று கேனிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தேய்த்தாள். நுரை எழுந்தது. விரல் நுனிகள் நெற்றியிலிருந்து பிடரிவரை அழுத்தமாகப் போய் வந்தன. நாகமணியின் தலைக்குள் காலையிலிருந்து இடித்துக்கொண்டிருந்த வலி இறங்கியது. எவ்வளவு நல்ல கை என்று அந்த நிலையிலும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

கான்ஸ்டபிள் ஒருவர் சிரித்தார். இன்ஸ்பெக்டர் குனிந்து நுரையைத் தொட்டு முகர்ந்தார். கைருன்னிஸா சொல்லியனுப்பியதில் பின்னேரம் பார்லர் முதலாளியம்மாவும் வந்து கடிதம் கொடுக்க, மாக்ரெட்டை விட்டார்கள். கேன்களைத் திருப்பித் தரவில்லை.

மூவரும் ஓட்டோவில் திரும்பினார்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது மாக்ரெட் கேட்டாள்: "நான் என்ன செஞ்சேன் அக்கா உங்களுக்கு?"

"ஒண்டும் செய்யேல்லை," என்றாள் நாகமணி. அது உண்மை. "மன்னிச்சுக்கொள்ளும்" என்ற சொல் மாடிப்படியில் ஏறும்போதுதான் வெளியே வந்தது. மாக்ரெட் கேட்டாளோ என்னவோ, கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை நடந்ததை முத்துலிங்கத்திடம் அவளே சொன்னாள். அவர் திட்டவில்லை. இரண்டு நாள் அவள் போட்ட தேத்தண்ணியைக் குடிக்காமல் வேலைக்குப் போனார்.

அடுத்த மாதம் மாக்ரெட் கொட்டாஞ்சேனைக்கே திரும்பிப் போனாள். கைருன்னிஸாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். நாகமணியிடம், "வாறேன் அக்கா," என்று மட்டும் சொன்னாள். முத்துலிங்கம் அவளுடைய சூட்கேசைத் தூக்கிக்கொண்டு காலி வீதி பஸ் நிறுத்தம்வரை போனார்.

நாகமணி மேல்மாடி ஜன்னலில் நின்று இருவரும் ஒழுங்கை முனையில் திரும்பும்வரை பார்த்தாள். பஸ் நிறுத்தத்துக்குப் போய்வரப் பத்து நிமிடம் போதும். அவர் வர இருபத்தைந்து நிமிடமானது.