குந்தாரி அக்காவின் வாய்

ஆகஸ்ட் 14, வியாழன்.

ஒரு சிறிய தவறு. போன வாரமே எழுதியிருக்க வேண்டும். மாலை வகுப்பின் கிருமிப் பாடத்துக்குக் குந்தாரி அக்காவின் வாயில் மட்டும் பஞ்சைத் தடவி எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்கப் புண்ணில்லாத இன்னொரு வாயிலிருந்து எடுக்கவில்லை.

எங்கள் மிளகாய்ச் சம்பல் ஆலையில் ஒன்பது வருடமாக ருசி பார்ப்பவர் அக்கா. மாதம் தவறாமல் அவருக்கு வாய்ப்புண் வரும்.

"உன் படிப்புக்குன்னா ரெண்டு வாட்டி வேணாலும் தொறக்கறேன் லாரஸ்" என்று சிரித்துக்கொண்டே வாயைக் காட்டினார்.

பஞ்சைத் தேய்த்த ஆய்வுத் தட்டில் கிருமிகள் புள்ளி புள்ளியாக வளர்ந்தன. அதைப் படமெடுத்துச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் காட்டினேன். மேலாளர் விர்யோ அந்தப் படத்தை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

என் தவறை வகுப்பில் ஆசிரியைதான் சுட்டிக்காட்டினார். அதனால் என் வாயிலிருந்தும் எடுத்தேன். நேற்று இரண்டு தட்டுகளையும் அருகருகே வைத்து எண்ணினேன். நம்பிக்கை வராமல் மூன்று முறை எண்ணினேன். என் தட்டில்தான் புள்ளிகள் அதிகம்.

"கிருமி இல்லாத வாயே கிடையாதும்மா" என்றார் ஆசிரியை. "புண் வர்ற வாயில எது கொறைஞ்சிருக்கு, எது கூடியிருக்குன்னு பாக்கணும். இந்தத் தட்டுல அது தெரியாது."

இன்று காலை விர்யோ அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு ருசி மேசையில் ஒட்டியிருந்தார்.

"இந்த வாயை வச்சா ஊருக்கே ருசி சொன்னே?" என்று அக்காவிடம் கேட்டார்.

"நாம தின்னது இவ மிச்சமா?" என்றான் புட்டி அடைக்கும் தோயிப். எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மூக்கைப் பொத்திக் காட்டினாள்.

"ஒவ்வொரு வாட்டியும் புதுக் கரண்டிதானே ஐயா எடுக்கறேன்? உங்க வாயில எடுத்தாலும் இதுதான் வளரும்."

"எனக்குப் புண்ணு வரலையே. நாளையிலேர்ந்து மிளகாக் கொட்டகைக்குப் போ. அங்க காம்பு கிள்ளு, வாய் வேணாம்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு லாரஸ். நீதானே எடுத்தே?"

விர்யோவும் திரும்பினார். "உனக்குப் புண்ணு வருமா?"

"வராது ஐயா."

"அப்ப நாளைக்கு நீ உக்காரு."

சரி என்றேன். அக்கா கன்னத்தைக் கையால் அழுத்தியபடி போனார். புண் அந்தப் பக்கம்தான்.

மாலையில் என் தட்டில் ப்ளீச் ஊற்றிக் கழுவினேன். வகுப்பு விதிப்படி இரண்டையும் கழுவியிருக்க வேண்டும். அக்காவுடையதை விர்யோ கேட்டார், கொடுத்துவிட்டேன்.

நாளை: ஏழு மணிக்கு ருசி மேசை. அதற்கு முன் கொட்டகைக்குப் போய், அக்காவிடமிருந்து ருசி பார்ப்பவருக்கான மேலங்கியையும் அலமாரிச் சாவியையும் வாங்க வேண்டும்.