மண்ணுக்குள்ள போனு

ஒயர்மேனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த போன் நம்பர் உலகத்திலேயே ஒன்றுதான். அது அவன் பெண்டாட்டியின் நம்பர் இல்லை. மெஸ் சமையல்காரரின் நம்பர். டிபன் கேரியர் தொலைந்தால் திரும்பி வரட்டும் என்று அந்த மனிதர் எல்லா மூடியிலும் சிவப்புப் பெயின்ட்டில் எழுதிவைத்திருந்தார். மூன்று வேளையும் அந்த மூடியைத் திறந்து சாப்பிட்டவனுக்கு நம்பர் மண்டையில் ஒட்டிக்கொண்டது. கட்டினவளின் நம்பரோ போனுக்குள் வெறும் பெயராக இருந்தது. பெயரைத் தொட்டால் அவள் பேசுவாள். அதற்கு மேல் மூளையைக் கசக்குவானேன் என்று இருந்துவிட்டான்.

அந்தச் சோம்பேறித்தனம் அன்று சாயங்காலம் அவனைப் பிடித்து ஆட்டியது. பாலைவனத்தின் நடுவே குழாயில் தண்ணீரைத் தள்ளும் பம்ப் ஹவுஸில் அவனுக்குத் தனி டியூட்டி. செல்போனில் பேச வேண்டுமென்றால் பின்னாலிருந்த மணல்மேட்டில் ஏற வேண்டும். பெண்டாட்டிக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பதாக மாமியார் சொன்னதிலிருந்து அவன் அந்த மேட்டில் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தான். கடைசியாக ஏறியபோது காலடியில் மணல் சரிந்தது. உருண்டு விழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் சட்டைப்பை காலி.

பம்ப் ஹவுஸுக்கு ஓடினான். அங்கே கரகரவென்று ஒரு லேண்ட்லைன் இருந்தது. மாமியார் நம்பரும் தெரியாது, மச்சான் நம்பரும் தெரியாது. தெரிந்த ஒரே நம்பரை அழுத்தினான். இந்தப் பக்கம் பம்ப் இரைச்சல், அந்தப் பக்கம் மெஸ்ஸில் புகைபோக்கி விசிறியின் இரைச்சல். ஒரே மூச்சில் கத்தினான்.

"அண்ணே! போனு மண்ணுக்குள்ள போயிடுச்சுண்ணே! இருட்டுறதுக்குள்ள எடுத்தாகணும். மண்வெட்டியோட ஓடி வாங்க. முதலாளி காதுக்குப் போச்சு, என் கதை கந்தல்!"

டியூட்டி நேரத்தில் பம்பை விட்டு நகரக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். கடைசியில் சொன்னது அந்தப் பயத்தில். சமையல்காரர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் வெல்டர், ஒயர்மேனின் அறைத்தோழன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒன்றும் பேசாமல் வண்டியில் ஏறினார்கள். 'போனு' என்ற அந்த ஒரு வார்த்தை ஆளுக்கொரு மாதிரி காதில் விழுந்திருக்கிறது என்பது வழி நெடுக இருவருக்கும் தெரியாது.

வண்டி நிற்பதற்குள் வெல்டர் குதித்தான். கையில் மண்வெட்டி, சாக்கு, ஒரு பெரிய சல்லடை.

"வேற யாராவது பார்த்தாங்களாடா?" என்றான், காதோடு காதாக.

"யாரும் இல்ல."

"எடை எவ்வளவு இருக்கும்?"

இதென்ன கேள்வி என்று இருந்தது ஒயர்மேனுக்கு. "கையில அடங்கும்டா. எடையா இப்ப முக்கியம்?"

"அவ்வளவுதானா? எந்தக் காலத்துது? ராஜா காலமா?"

"போன வருஷம் வாங்கினது."

"வாங்கினதா?" வெல்டரின் முகம் சுருங்கியது.

அதற்குள் சமையல்காரர் வந்து சேர்ந்தார். தோளில் கம்பளி, கையில் தண்ணீர், முகத்தில் ஈயாடவில்லை. "உயிர் இருக்காடா?" என்றார்.

"சிவப்புக்கு வந்துடுச்சுண்ணே. கொஞ்ச நேரம்தான் தாங்கும்."

சமையல்காரர் தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். "உன்னைத் தங்கமான பையன்னு நினைச்சேனேடா! வீட்டுல பிள்ளைத்தாச்சிய வெச்சுக்கிட்டு... யார் வீட்டுப் பொண்ணுடா அது?"

"பொண்ணா?" என்றான் ஒயர்மேன்.

"பொன்னு இல்லையா? தங்கம்?" என்றான் வெல்டர்.

"போனுடா! பேசுற போனு!"

சமையல்காரர் கம்பளியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போன உயிர் திரும்பினவராகச் சிரித்தார். வெல்டருக்குத்தான் தாங்கவில்லை. மண்வெட்டியை வீசி எறிந்தான்.

"வர்ற வழியில ரெண்டு மாடி வீடு கட்டி, மாடிக்கு வாடகை ஆளும் பார்த்து முடிச்சுட்டேன்டா நான்! ஏறுங்கண்ணே வண்டியில!"

"போயிடாதடா," என்றான் ஒயர்மேன். "அவளுக்குக் காலையிலேருந்து வலி. என்ன ஆச்சுன்னே தெரியல. அவ நம்பர்கூட எனக்குத் தெரியாதுடா." சொல்லிவிட்டு, அதைவிட வெட்கக்கேடு எதுவும் இல்லை என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டான்.

வெல்டர் வண்டிக் கதவில் கைவைத்தபடி நின்றான். பிறகு திரும்பி வந்தான். "எங்கடா உருண்ட? சரியா காட்டு."

மேட்டு உச்சியருகே அவன் காட்டிய இடத்தில், மண்வெட்டி பட்டால் போன் சில்லாகிவிடும் என்று கையாலேயே அள்ளினார்கள். அள்ளியதை வெல்டர் சலித்தான். சமையல்காரர் சல்லடையை உற்றுப் பார்த்தார்.

"இது என் மாவு சல்லடைதானே?"

"பொன்னைச் சலிக்க வேற எதைண்ணே எடுத்துட்டு வர?"

அவன் ஆசை இன்னும் முழுக்க விடவில்லை. ஒருமுறை கையில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டதும், திருட்டு முழி முழித்துக்கொண்டு இடுப்பில் செருகினான். வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தபோது அது துருப்பிடித்த டப்பா மூடி. வாய்க்குள் எதையோ திட்டிவிட்டு மறுபடி சலிக்க உட்கார்ந்தான்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சமையல்காரர் தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். முதலாளிக்குப் பயந்து ஒயர்மேன் சத்தத்தை அணைத்துவைத்திருந்ததால் அவன் போன் அடிக்காது, உறுமத்தான் செய்யும். ஆகவே மூன்று பேரும் மணலில் காதை வைத்து, பின்புறத்தை வானத்துக்குக் காட்டிக் குப்புறக் கிடந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. தள்ளிப் படுத்தார்கள். அங்கேயும் கேட்கவில்லை.

"சும்மா சும்மா அடிக்காதீங்கண்ணே, சார்ஜ் செத்துடும்," என்று ஒயர்மேன் கெஞ்சினான்.

"இன்னும் ஒரே ஒரு தடவைடா." அழுத்திய சமையல்காரர் முகத்தைச் சுளித்தார். "பிஸியா இருக்குன்னு வருதே?"

வெல்டர் துள்ளி எழுந்தான். "அப்ப வேற யாரோ கூப்பிடுறாங்கண்ணே! படுங்க, படுங்க!"

மூன்று காதும் மறுபடி மணலுக்குப் போயின.

"இங்க உறுமுது! இங்கடா!" என்று கூவியது சமையல்காரர்தான். ஆறு கைகளும் அங்கே பாய்ந்தன. முழங்கை ஆழத்தில் அது அகப்பட்டது. திரையில் மாமியார் பெயர்.

"சொல்லுங்க அத்தை!"

அத்தை சொல்லச் சொல்ல ஒயர்மேன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தான். போன் அணைந்த பிறகும் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"என்னடா ஆச்சு? சொல்லித் தொலையேன்!" என்றார் சமையல்காரர்.

"பொண்ணு," என்றான் ஒயர்மேன். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம்."

வெல்டர் காதிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இந்தத் தடவை அவனுக்குச் சரியாகத்தான் கேட்டிருந்தது. இருந்தாலும் கேட்டான்.

"எடை எவ்வளவுடா?"

"மூணு கிலோ," என்று சொல்லிவிட்டு, ஒயர்மேன் அவன் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதான்.