இருபத்திரண்டாவது புயல்

தார்ப்பாய் விளிம்பை மடித்துத் தைத்தபடியே ஜெகதீஸ்வரி சுவரைப் பார்த்தாள். அமெரிக்க எல்லைக்கு வடக்கே, சென்ட் லோரன்டில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அந்தச் சுவர்தான் பஞ்சாங்கம். முதலாளி பழைய கணக்கை எழுதி ஒட்டியிருந்தார்: 1933இல் இருபத்தொரு புயல், 1995இல் பத்தொன்பது, போன வருடம் பதினைந்து. 2005க்கு நேரே இப்போதே இருபத்தொன்று. அத்திலாந்திக்கில் புயல் எழும்பினால் அமெரிக்காவில் கூரைகள் பறக்கும். பறந்தால் இங்கே நீலத் தார்ப்பாய்க்கு ஓடர் குவியும்.

1933ஐத் தாண்டினால் ஏஜென்சி மூலம் தற்காலிகமாக வந்த ஆட்களில் ஒருவரை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். நிரந்தர வேலைக் கடிதம் கிடைத்தால்தான் கிளிநொச்சியில் தனியே கிடக்கும் அப்பாவை ஸ்பொன்சர் செய்து கூப்பிடலாம். ஜெகதீஸ்வரி கோயிலுக்குப் போய்ப் புயலுக்காக அர்ச்சனையே செய்தாள். யாருடைய கூரை என்று அவள் யோசிக்கவில்லை.

பக்கத்து மெஷினில் இருந்த அக்னெஸும் ஏஜென்சி ஆள்தான்; மூன்று மாதக் கர்ப்பிணி. மணிக்கொரு தரம் வாந்தியெடுக்க ஓடுவாள். தைத்த கணக்குக் குறைந்தால் மறுநாளே நிறுத்திவிடுவார்கள். அதனால் ஜெகதீஸ்வரி தான் தைத்த கட்டுகள் சிலவற்றில் அக்னெஸின் பெயரட்டையைக் கட்டி அனுப்பினாள். இரண்டு மாதமாக இதுதான் நடந்தது. வேலையில் மூன்று வருடம் மூத்தவள் தான், நிரந்தர இடம் தனக்குத்தான் என்று பேதை ஜெகதீஸ்வரி முழுதாக நம்பியிருந்தாள்.

சனிக்கிழமை இருபத்திரண்டாவது புயல் எழும்பியது. வைத்திருந்த பெயர்களெல்லாம் தீர்ந்துபோய், அதற்குக் கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்தார்கள். திங்கள் காலை மேற்பார்வையாளர் குணரத்தினம் ஜெகதீஸ்வரியை அறைக்குக் கூப்பிட்டார்.

"அக்னெஸைத்தான் எடுக்கினம், தங்கச்சி. ரெண்டு மாதக் கட்டுகளை ஒப்பிட்டுப் பாத்தவை. உம்மட குறைவு. உமக்கு இண்டையோட சரி."

உண்மையைச் சொன்னால் அட்டை மாற்றிய குற்றத்துக்கு இருவருக்குமே வேலை போகும். வயிற்றுப் பிள்ளையோடு அக்னெஸ் எங்கே போவாள்?

"ஓம் அண்ணை," என்றாள்.

அன்றும் ஐந்து மணிவரை வேலை வாங்கிவிட்டுத்தான் விட்டார்கள். இருவரும் தினமும் ஒரே பஸ்ஸில், ஒரே இருக்கையில்தான் வீடிருக்கும் கார்ட்டியர்வில் பக்கம் போவார்கள். அன்று பஸ் வந்து நின்றதும் ஜெகதீஸ்வரி ஏறித் திரும்பிப் பார்த்தாள். அக்னெஸ் குனிந்திருந்தாள்.

"நீங்க போங்கோ அக்கா. சப்பாத்துக் கயிறு அவிண்டிட்டுது. நான் பேந்து வாறன்."

கதவு மூடியது. பஸ் நகர்ந்தபோது ஜெகதீஸ்வரி ஜன்னலால் பார்த்தாள். அக்னெஸ் போட்டிருந்தது ஸிப் வைத்த சப்பாத்து.